வேலூர் மணிக்கூண்டின் பதினான்கு பேர்: பெயரில்லாக் கல்வெட்டும் மாண்ட சிப்பாய்களும்

வேலூர் லாங்கு பஜாரின் நெரிசலுக்கு நடுவே ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது. காய்கறி வாங்கவும் மளிகை வாங்கவும் வருவோர் நாள்தோறும் அதைக் கடந்து செல்கின்றனர். அதிலுள்ள கல்வெட்டை நின்று படிப்போர் சிலரே. இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர் என்றும், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அது ஆங்கிலத்தில் கூறுகிறது. அத்துடன் செய்தி முடிந்துவிடுகிறது. அந்தப் பதினான்கு பேர் யார், எந்தத் தெருவினர், எந்தத் தாய் பெற்ற பிள்ளைகள், எந்த மண்ணில் புதைந்தனர் என்பது கல்லில் இல்லை.

முதல் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டிஷ் இந்திய அரசு, படைக்கு ஆள் கொடுத்த ஊர்கள் பலவற்றில் இத்தகைய பலகைகளைப் பதித்தது. பஞ்சாப் முதல் சென்னை மாகாணம் வரை வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். சென்றவர் இத்தனை பேர், மாண்டவர் இத்தனை பேர் என்ற இரண்டு எண்கள் மட்டுமே ஊருக்கு ஊர் மாறும். அதே காலத்தில் இங்கிலாந்தின் சிற்றூர்களில் எழுந்த நினைவுக்கற்கள் வேறுவகையானவை. அங்கே பண்ணைக் கூலியாளாய் இருந்து சாதாரணச் சிப்பாயாக மாண்டவனுக்கும் கல்லில் ஒரு வரி உண்டு. அவன் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுகின்றனர். நம் ஊர்க்கற்களில் தொட்டுக்காட்ட ஓர் எண்தான் உண்டு.

எத்தனை பேர், எங்கே?

பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து அப்போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 74,000 பேர்வரை மாண்டனர். படையில் சேர்ந்த முஸ்லிம்கள் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. பஞ்சாபின் உப்பு மலைத்தொடரை ஒட்டிய ஜீலம், சக்வால் பகுதிகளில் ஆள் அனுப்பாத வீட்டைக் காண்பதே அரிதாயிற்று. துல்மியால் என்னும் ஒரே கிராமத்திலிருந்து 460 பேர் சென்றனர். அதற்கு வெகுமதியாக 1925இல் அரசு வழங்கிய பழைய பீரங்கி இன்றும் அவ்வூரில் நிற்கிறது.

அதே சக்வால் பகுதியின் தப் கிராமத்தில் பிறந்தவர் குதாதாத் கான். 129ஆம் பலூச்சிப் படையின் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் பணியாற்றினார். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹோலபெக் என்னும் இடத்தில், தம்முடன் இருந்த ஐவரும் கொல்லப்பட்ட பின்னும், தாம் காயமுற்ற நிலையிலும் துப்பாக்கியை விட்டு அகலாமல் போரிட்டார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவரே. போருக்குப்பின் ஊர் திரும்பி, 1971வரை வாழ்ந்தார். அவர் பெயர் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அதே குழியில், அதே மணி நேரத்தில் உயிர்விட்ட ஐவரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வீரப்பதக்கம் பெற்றவரைப் பற்றிய அரசறிக்கையே அவர்களை ‘ஐவர்’ என்றுதான் குறிப்பிடுகிறது.

சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் தொலைதூரம் சென்றனர். 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் தோல்வியில் முடிந்த தாக்குதலில் களமிறக்கப்பட்டது. சென்னை சுரங்கப் படையினர் மெசபொட்டேமியாவில், அதாவது இன்றைய இராக்கில், பாலம் கட்டினர், பாதை அமைத்தனர். சமையற்காரர், சலவைத் தொழிலாளர், கோவேறு கழுதை ஓட்டுவோர், தண்ணீர் சுமப்போர் எனப் படைக்குப் பின்னே சென்றோரும் பல்லாயிரவர்.

பஸ்ராவின் எண்கள்

மாண்டோரைப் பேணுவதற்கென 1917 மே மாதத்தில் பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணையம் நிறுவப்பட்டது. பதவி, இனம், மதம் பாராமல் அனைவரையும் ஒரே தரத்தில் நினைவுகூர்வது அதன் அடிப்படைக் கொள்கை. சில இடங்களில் அக்கொள்கை காக்கப்பட்டது. பிரான்சின் நேவ் ஷபேல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1927இல் திறக்கப்பட்ட அந்நினைவகத்தின் தூணில் அரபு, இந்தி, குர்முகி எழுத்துகள் ஆங்கிலத்தோடு சேர்ந்து நிற்கின்றன. டில்லி இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இங்கிலாந்தில் காயத்தால் இறந்த முஸ்லிம் சிப்பாய்களுக்காக வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசலுக்கு அருகே தனிக் கபுருஸ்தான் 1917இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே அடங்கியோர் 1960களின் இறுதியில் புருக்வுட் படைக் கல்லறைக்கு மாற்றப்பட்டனர். ஆனாலும் பெயரோடுதான் மாற்றப்பட்டனர்.

இந்தியப் படையினர் மிகுதியாக மாண்டது மெசபொட்டேமியாவில். அங்கே எழுப்பப்பட்ட பஸ்ரா நினைவகம் 1929 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயர் தலைப்பாக, அதன்கீழ் எண்ணிக்கை மட்டும் இடம்பெற்றது. ஆக, கிராமத்துப் பலகையிலும் எண். அவன் விழுந்த மண்ணில் எழுந்த நினைவகத்திலும் எண். புறப்பட்ட இடத்திலும் முடிந்த இடத்திலும் அவன் பெயரிழந்தான்.

2021 ஏப்ரலில் அதே ஆணையம், இன்று பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம் என்ற பெயரில், தன் கடந்தகாலத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயராலோ அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் இந்தியருமே இவர்களில் மிகுதி.

பெயர் எதற்கு?

இறந்தவரை இறைவன் அறிவான், கல்லில் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பெயரின் தேவை இறந்தவனோடு முடிவதில்லை. அது வீட்டில் காத்திருப்பவளின் தேவையும் ஆகும்.

1916 ஏப்ரல் 29 அன்று கூத் அல்-அமாரா முற்றுகை சரணடைதலில் முடிந்தது. ஏறத்தாழ 13,000 பேர் உஸ்மானியப் படையிடம் சிறைப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும் படைத் தொழிலாளரும் ஆவர். பாலைவனத்தில் நடத்தி அழைத்துச் செல்லப்பட்டோரும், ராஸ் அல்-ஐன் பகுதியில் இருப்புப்பாதை வேலையில் ஈடுபடுத்தப்பட்டோரும் நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர். அத்தகைய ஒருவனின் மனைவியை எண்ணிப் பாருங்கள். கணவன் இறந்தான் என்ற உறுதி இல்லாமல் அவள் இத்தா இருக்க முடியாது. மறுமணம் செய்ய முடியாது. அவன் சொத்தைப் பங்கிட முடியாது. உதவித்தொகையும் வராது. மார்க்கச் சட்டத்தில் இத்தகையவன் ‘மஃப்கூத்’, அதாவது காணாமற்போனவன். பழைய ஹனஃபி நிலைப்பாட்டின்படி, அவன் வயதொத்தோர் இறந்துபோகும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். மாலிக்கி மத்ஹபோ நான்காண்டுக் காலவரையறையை வைத்தது. இத்தகைய பெண்களின் துயரை முன்வைத்து, மாலிக்கி தீர்ப்பை ஏற்கலாம் என்று மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி 1930களின் தொடக்கத்தில் எழுதினார். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவன் இருப்பிடம் நான்காண்டுகள் தெரியாதிருத்தல் முதற் காரணமாக இடம்பெற்றது. போர் முடிந்து 21 ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டம் அது.

ஒரு பட்டியலில் ஒரு பெயர் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் இடையே ஒரு பெண்ணின் முழு வாழ்நாள் கிடந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

தேடும் முறை

கல்லில் உள்ள எண்ணைப் பெயராக மாற்ற இயலுமா? இன்று பெருமளவு இயலும். ஆணையத்தின் பதிவேடுகள் இணையத்தில் கட்டணமின்றித் தேடத்தக்கவை. பஸ்ராவின் பெயரில்லாச் சிப்பாய்களும் அவற்றில் பெயரோடு இருக்கின்றனர். பல பதிவுகளில் படை எண், பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றுடன் தந்தை பெயர், கிராமம், வட்டம், மாவட்டம் ஆகியனவும் உள்ளன. ஆகவே ஆளின் பெயரால் தேடுவதைவிட ஊரின் பெயரால் தேடுவதே முதற்படி.

இங்கே இடறும் இடம் எழுத்துக்கூட்டல். பாளையங்கோட்டையை ‘பாலம்கோட்டா’ ஆக்கிய எழுத்தர்கள், சிறு கிராமங்களின் பெயர்களை எப்படிச் சிதைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முஹம்மது என்ற ஒரு பெயரே நான்கைந்து வடிவங்களில் கிடைக்கும். ஷேக் இப்ராஹீம் என்றோ முஹம்மது கான் என்றோ தேடினால் ஒரே பிரிவில் பலர் வருவர். தந்தை பெயர், ஊர், இறந்த ஆண்டு ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றி இவர்தான் அவர் என்று முடிவு கட்டலாகாது. ஹதீஸ் கலையை அறிந்தோர்க்கு இது புதிய பாடமன்று. பெயரொத்த அறிவிப்பாளர்களைத் தந்தை பெயராலும் ஊராலும் இறந்த ஆண்டாலும் பிரித்தறிவதற்கென்றே கதீப் அல்-பக்தாதி பதினோராம் நூற்றாண்டில் தனி நூல் எழுதினார். அந்தப் பேணுதல் இங்கும் வேண்டும். வேறொருவரின் மரணத்தை நம் ஊர்க்காரருக்கு எழுதிவிடுவது, எழுதாமல் விடுவதினும் பெரிய பிழை.

கல்லின் எண்ணும் பட்டியலின் எண்ணும் பொருந்தாமல் போகலாம். ஆணையம் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தோரைக் கணக்கில் கொள்கிறது. கல்லோ அதற்கு முன்பே கணக்கை முடித்திருக்கலாம். படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, வீடு வந்து, போரில் பற்றிய நோயால் இறந்தவர் இரண்டிலும் இல்லாமற் போயிருக்கலாம்.

படைப்பிரிவு தெரிந்துவிட்டால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள் உதவும். அன்று அப்படை எங்கே இருந்தது, என்ன நடந்தது என்பது அதில் கிடைக்கும். ஆனால் பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரை எழுதிய அதே கை, சிப்பாய்களைப் பெரும்பாலும் எண்ணாகவே எழுதியிருக்கும். பஞ்சாபைச் சேர்ந்தோர்க்கு மற்றொரு வாயில் திறந்துள்ளது. லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்த ஏறத்தாழ 3,20,000 படையினரின் பதிவேடுகள், கிராமவாரியாக எழுதப்பட்டவை, 2021 முதல் இணையத்தில் ஏறத் தொடங்கின.

காகிதத்துக்கு வெளியேயும் சான்றுகள் உண்டு. போர்ப் பதக்கத்தின் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பிரிவும் செதுக்கப்பட்டிருக்கும். மாண்டவரின் குடும்பத்துக்கு 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கல வட்டத்தகடு அனுப்பப்பட்டது. அதில் பதவி இல்லை, பெயர் மட்டும் உண்டு. அரசன் முதல் ஆண்டி வரை ஒரே தகடு. பாட்டியின் பெட்டகத்தில் கிடக்கும் கறுத்த தகட்டைப் பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை துடைத்துப் படியுங்கள். ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேடுகளையும் மீஸான் கற்களையும் பாருங்கள். ‘பஸ்ராவுக்குப் போனவர்’ என்று முதியோர் சொல்லும் கதையைத் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

எந்தக் கல்லிலும் இல்லாதோர்

இத்தேடலில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. 1914 நவம்பரில் உஸ்மானிய அரசு போரில் இறங்கியபின், முஸ்லிம் சிப்பாய்கள் பலரின் நெஞ்சில் முள் தைத்தது. கலீஃபாவின் படைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்குவதா? பெரும்பாலோர் உண்ட சோற்றுக்கும் கொடுத்த வாக்குக்கும் கட்டுப்பட்டுப் போரிட்டனர். சிலர் மறுத்தனர். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5ஆம் இலகு காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தனர். அதில் பொதுமக்களும் கொல்லப்பட்டனர். பின்னர் 47 பேர், பலர் பார்த்திருக்கச் சுவரருகே நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1916இல் பஸ்ராவில் 15ஆம் குதிரைப்படையினர் புனித நகரங்கள் உள்ள நாட்டில் முன்னேற மறுத்துத் தண்டனை பெற்றனர். இவர்களும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து புறப்பட்டவர்களே.

போரிட்டவர் செய்தது சரியா, மறுத்தவர் செய்தது சரியா என்று நூறாண்டுக்குப் பின் நாற்காலியில் அமர்ந்து தீர்ப்பு வழங்குவது எளிது. அவர்களில் பெரும்பாலோர் மழை பொய்த்த நிலத்திலிருந்து மாதச் சம்பளத்துக்காகப் புறப்பட்ட இளைஞர்கள். அவர்களின் நிய்யத்தை எடைபோடும் பொறுப்பு நம்முடையதன்று. அவர்கள் யார் என்று கண்டறிவது நம்மால் இயலும்.

வேலூர் மணிக்கூண்டில் உள்ள 14 என்ற எண் பதினான்கு வீடுகள். அவற்றுள் நம் தெருவின் வீடும் இருக்கலாம். உங்கள் ஊரிலும் அத்தகைய கல் இருந்தால், சுண்ணாம்பு அடித்து மறைக்கப்படுமுன், சாலை விரிவாக்கத்தில் பெயர்க்கப்படுமுன், அதைப் படமெடுத்து வையுங்கள். பிறகு ஒரே ஒரு பெயரையாவது கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த பெயரைத் தந்தை பெயரோடு சேர்த்து, அவர் குடும்பத்தார் இன்னும் இருந்தால் அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். அவருக்காகக் கையேந்துவோர் இனிமேல் அவர் பெயரைச் சொல்லிக் கையேந்தலாம்.