வீடு சேர்த்த பணியாளர்கள் – ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்



யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய கதை, பணியாற்றிய குருக்களின் வரிசை, கன்னியர் மடத்தின் தொண்டு, நன்கொடையாளர் பெயர்கள் ஆகியவை இடம்பெறுவது மரபு. அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் இங்குச் சொல்ல விரும்புவது வேறொரு வரலாறு.

கோவில் மணியோசை கேட்கும் தொலைவிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு அழுகின்ற இல்லங்கள் உண்டு. குடியில் வீழ்ந்த கணவன், தனக்குத்தானே பேசிக்கொள்ளும் மகன், பிள்ளை பெற்றபின் சிரிப்பையே மறந்துபோன மருமகள் – இவர்களைப் பற்றி அண்டை வீட்டாரிடம் வாய் திறக்கக் கூசுகிறோம். காய்ச்சல் என்றால் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். மனம் நோயுற்றால் மட்டும் மறைக்கிறோம். இத்தகையோருக்காகத் தம் வாழ்நாளையே அளித்த மருத்துவர், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர், துறவியர் ஆகியோரின் வரலாற்றை அறிந்தால், இக்கூச்சம் அகலும் என்பது நமது நம்பிக்கை.

சங்கிலியும் வீடும்

கல்லறைகளிடையே வாழ்ந்த கெரசேனர் நாட்டு மனிதனை நாம் அறிவோம். ஊரார் அவனுக்குச் செய்த வைத்தியம் யாது? விலங்கும் சங்கிலியும்தான். ஆண்டவரோ அவனோடு பேசினார், பெயரைக் கேட்டார், நலமாக்கினார். அவன் அவரோடு வர விரும்பியபோதும், வீட்டாரிடம் திரும்பிப் போகுமாறு அனுப்பி வைத்தார். சங்கிலியில் தொடங்கி வீட்டில் முடிகிறது அந்நிகழ்ச்சி. மனநலப் பணியின் வரலாறு முழுவதும் இந்த ஒரே வழியில்தான் நடந்திருக்கிறது.

பெல்ஜியம் நாட்டில் கேல் என்னும் சிற்றூர் உண்டு. மனநோயாளரின் பாதுகாவலியாகிய புனித டிம்ப்னாவின் திருத்தலம் அங்குள்ளது. இடைக்காலத்தில் நோயாளரைக் கூட்டிக்கொண்டு திருப்பயணிகள் திரள் திரளாக வந்தனர். ஆலயத்தை ஒட்டி நோயாளர் தங்க இடம் இருந்தும் போதவில்லை. ஆலயக் குருக்கள் ஊர் மக்களின் உதவியை நாட, மக்கள் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்தனர். வந்தவர்கள் அக்குடியானவர்களின் பந்தியில் அமர்ந்து உண்டனர். இயன்றபோது வயலில் உழைத்தனர். இவ்வழக்கம் பல நூற்றாண்டுகளாக நீடித்து, 1930களின் இறுதியில் 3,700க்கு மேற்பட்டோர் அவ்வூர் இல்லங்களில் தங்கியிருந்தனர். இன்று தொகை குறைந்துவிட்டது. ஆயினும் மருத்துவர்களின் மேற்பார்வையில் அப்பணி தொடர்கிறது. இத்தனைக்கும் கேல் மக்கள் வைத்தியம் படித்தவர்கள் அல்லர். நம்மைப் போன்ற பங்கு மக்களே.

மதிலுக்குள் இருந்து வெளியே

நம் மாநிலத்தில் தொடக்கம் வேறு விதமாக அமைந்தது. 1794இல் கும்பினி ஆட்சிக் காலத்தில் வாலன்டைன் கொனொலி என்ற மருத்துவர் சென்னையில் மனநோயாளர் இல்லம் ஒன்றை நிறுவினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே பிறரை எள்ளி நகையாடும் சொல்லாகிவிட்டது என்றால், அம்மதில்கள் நம் மனத்தில் எவ்வளவு உயரமாக எழும்பின என்பதை உணரலாம்.

அம்மதில்களைத் தாழ்த்தியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சாரதா மேனன். மனநல மருத்துவம் பயின்ற முதல் இந்தியப் பெண்மணி எனப் போற்றப்படுபவர் இவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து, உள்ளே அடைத்து வைப்பதைக் காட்டிலும், புறநோயாளராக வந்து மருந்து பெற்று வீட்டிலிருந்தே வாழ வழி செய்வதில் கருத்தூன்றினார். நோய் தணிந்தபின் அவர்களுக்கு வேலையும் மதிப்பும் வேண்டுமே என்று கவலையுற்று, 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்ற இவ்வம்மையார், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தமது 98ஆம் வயதில் காலமானார்.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது நம் நாடு உலகுக்கு அளித்த ஒரு கொடை என்றே கூறலாம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளரின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்னும் கனடா நாட்டு மிஷனரி மருத்துவரின் முயற்சியால், 1957இல் பாகாயத்தில் எழுந்தது. அங்கும் நோயாளரோடு குடும்பத்தாரும் வந்து தங்குவது வழக்கமாயிற்று. நோய் இன்னதென்று தாய்க்கும் மனைவிக்கும் விளங்கினால், வீடு திரும்பியபின் மருந்து தவறாது, ஏச்சும் குறையும், நோய் மீண்டும் தலைதூக்குவதும் குறையும். இதுவே அதன் உட்பொருள்.

இவ்வளவு நடந்த பின்னும், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளர்கள் ஓட வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பங்கள் கல்நெஞ்சம் படைத்தவை அல்ல. வேறு எங்கே போவது என்று சொல்லித்தர எவரும் இல்லாத குடும்பங்களே. திருத்தலங்களை நாடிச் செல்வதில் பிழையில்லை. ஆனால் ஜெபத்தின் பெயரால் மருத்துவத்தை மறுப்பது பிழை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் கட்டுவதைத் திட்டவட்டமாகத் தடை செய்கிறது.

குடி: சத்தியமும் சிகிச்சையும்

வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நம் பக்கத்து மாவட்டமாகிய சேலத்தில்தான் 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டும் வந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடை திறப்பதும் மூடுவதுமாகக் காலம் கழிந்ததே தவிர, ஏற்கெனவே குடிக்கு அடிமையானவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை பிறக்கவில்லை.

அவ்விடை அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், இரு குடிநோயாளரிடம் பிறந்தது. 1935இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்தனர். எவர் புத்திமதிக்கும் மசியாத மருத்துவர், தம்மைப் போலவே விழுந்து எழுந்த ஒருவரின் சொல்லுக்கு மசிந்தார். ஜூன் 10ஆம் நாள் அவர் கடைசியாகக் குடித்த நாள்; அதுவே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் பிறந்த நாள்.

அந்நாளில் மருத்துவமனைகள் குடிகாரரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. புனித தோமையார் மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்து வந்த அருட்சகோதரி இக்னேசியா, 1939இல் ஒரு நோயாளியை "வயிற்று அழற்சி" என்று பதிவேட்டில் எழுதி உள்ளே சேர்த்தார்! பின்னர் ஆயிரக்கணக்கானோர் அவர் கையால் நலம் பெற்றனர். வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் திரு இருதயப் பதக்கம் ஒன்றை அளித்து, மறுபடி குடிக்க நேர்ந்தால் அதற்கு முன் இதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று வாக்குறுதி பெறுவாராம். சேசு சபைக் குருவான எட்வர்ட் டௌலிங், 1940 முதல் பில் வில்சனுக்கு ஆன்ம துணையாக விளங்கினார். 1951இல் குடிப்போரின் மனைவியரும் உறவினரும் தமக்கென 'அல்-அனான்' என்ற கூட்டமைப்பைக் கண்டனர். நோய் ஒருவருக்கு வந்தாலும் வீடே நோயுறுகிறது என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தனர்.

சென்னையில் இப்பணியைத் தொடங்கிய திருமதி சாந்தி ரங்கநாதனும் அப்படிப் பட்டு அறிந்தவரே. 1979இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். செல்வத்துக்குக் குறைவில்லாத குடும்பம். ஆயினும் உள்நாட்டில் தக்க சிகிச்சை இல்லை. சமூகப் பணி பயின்ற அவர் அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து, 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். மருத்துவமனைக்கு வர இயலாத ஏழைகளுக்காக, 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்தில் அந்நிறுவனம் முகாம்கள் நடத்திற்று. மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் கிராமத்துக்கே சென்று தங்கினர். ஊரார் இடம் கொடுத்துத் துணை நின்றனர். மனைவியருக்கும் வகுப்பு நடந்தது. பட்டணத்து வைத்தியத்தைக் கிராமத்துக்குக் கொண்டு வரலாம் என்பதற்கு இதுவே சான்று. பம்பாயில் 1981இல், பாந்த்ரா கார்மேல் அன்னை ஆலயத்தில் அருட்தந்தை ஜோ பெரைரா தொடங்கிய கிருபா இயக்கமும் அத்தகையது. அது பங்குக் கோவில் ஒன்றில் முளைத்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் நம் மக்களுக்கு இரண்டு செய்திகளைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் பீடத்தின் முன் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கைந்நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே சத்தியத்துக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். இரண்டாவதாக, கணவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலக்கக் கூடாது. அதன்மேல் அவர் குடித்தால் விபரீதம் விளையும். பாவத்துக்கு மன்னிப்பு பாவசங்கீர்த்தனத்தில் உண்டு. நடுங்கும் கைக்கு வைத்தியம் மருத்துவமனையில் உண்டு. ஒன்று மற்றொன்றுக்குப் பகை அன்று.

ஆற்றுப்படுத்துநர்

மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து தருவார். உளவியலாளர் மனத்தின் போக்கை ஆராய்வார். சமூகப் பணியாளர் வீடு, வேலை, கடன், பிள்ளைகளின் படிப்பு வரை விசாரித்து, குடும்பத்தை மீண்டும் இணைப்பார். ஆற்றுப்படுத்துநர் வாரந்தோறும் அமர்ந்து பேசி வழி காட்டுவார். இக்கடைசிப் பெயரின் அழகைக் கவனியுங்கள். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனை அதே வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. நலம் பெற்றவன் நலம் பெறாதவனுக்கு வழி சொல்வது! ஆக்ரன் நகரில் நடந்ததற்குத் தமிழன் பல நூற்றாண்டுக்கு முன்பே பெயர் வைத்திருந்தான்.

நம் வாசலில்

1995 வரை நாம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தோம். அந்தத் தாய் மாவட்டத்தில்தான் 1996-97இல் மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்திலேயே முதன்முதலாகத் தொடங்கப் பெற்றது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைக் காணலாம்; கீழ்ப்பாக்கம் வரை போகவேண்டியதில்லை. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

ஆக, வழி திறந்திருக்கிறது; நம் வீட்டுக் கதவுதான் மூடியிருக்கிறது. யூபிலி ஆண்டின் நினைவாக மணிக்கூண்டுக்கு வண்ணம் பூசுவதோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் அன்பியமும் ஒரு தீர்மானம் செய்யலாகாதா? "பேய்", "சூனியம்", "பைத்தியம்" என்ற சொற்களை விலக்குவோம். சிகிச்சை முடிந்து திரும்பியவரைத் திருமண வீட்டுப் பந்தியில் நம் பக்கத்தில் அமர்த்துவோம். அவர் மீண்டும் சறுக்கினால், நோய் திரும்பியது என்று கருதி மறுபடி அழைத்துச் செல்வோம். பங்கு மண்டபத்தில் மாதம் ஒருமுறை அத்தகைய குடும்பங்கள் கூடிப் பேச இடம் தருவோம்.

நம் அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் சிற்பிகள் மரத்தில் கணு வந்த இடத்தில் உளியைத் திருப்பிப் பிடித்துப் பொறுமையாய்ச் செதுக்குகிறார்கள். கட்டையை அடுப்பில் வைப்பதில்லை. மரத்துக்கு நாம் காட்டும் பொறுமையை மனிதனுக்குக் காட்டலாகாதா?

ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயரிட்டு வணங்கினார். அவ்வன்னையின் பரிந்துரையால், அடைக்கலம் தேடி வருவோருக்கு நம் பங்கின் ஒவ்வோர் இல்லமும் அடைக்கலமாக விளங்க இறைவன் அருள்வாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை