சேற்றுப்புண்

கால்விரல் இடுக்குகளில், விசேஷமாகச் சுண்டுவிரலுக்கும் அதனை அடுத்த விரலுக்கும் நடுவே, டிரைக்கோபைட்டான் ருப்ரம் முதலிய பூஞ்சைகள் தோலின் மேற்படலத்தைப் பற்றி வளர்வதால் உண்டாகும் தொற்றுநோய்.

காரணம்: ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலிலும், பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலைக் கிராமங்களிலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த துணி எளிதில் உலராதாகையால், ஈரக் காலுறையோடும் ரப்பர் பூட்ஸோடும் பூண்டுத் தோட்டங்களில் நெடுநேரம் நிற்போர்க்கு இந்நோய் பற்றுவதற்கு அநுகூலமான சூழ்நிலை அமைகிறது.

குறிகள்: தோல் வெண்மையாக ஊறி வெடித்தல், அரிப்பு, துர்நாற்றம், சிலருக்கு உள்ளங்கால் முழுவதும் மாவு படிந்தாற்போலச் செதில் உதிரும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை வரும் பக்தர்களின் கால்களில் எழும் கொப்புளங்கள் பெரும்பாலும் உராய்வினால் விளைபவையாதலின், அவற்றை இந்நோயென மயங்கலாகாது. சுரண்டியெடுத்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிலிட்டு நுண்ணோக்கியில் நோக்கின், பூஞ்சை இழைகள் தென்படும்.

சிகிச்சை: 1 சதவீதக் குளோட்ரிமசோல் களிம்பைத் தினம் இருவேளை, புண் ஆறிய பின்னும் சில நாட்கள் விடாது, மொத்தம் சுமார் 4 வாரம் தடவுதல் வழக்கம். பென்சாயிக் அமிலம் 6 பங்கும் சாலிசிலிக் அமிலம் 3 பங்கும் சேர்ந்த விட்பீல்டு களிம்பு பழைமையான மருந்து. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பைத் தற்காலிகமாக அடக்கி, நோயின் உருவை மறைத்துப் பரவச் செய்யும். நகத்தைப் பற்றினால் மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படும்.

தடுப்பு: கழுவியபின் விரலிடுக்குகளைத் துவட்டுதல், காலுறையைத் தினம் மாற்றுதல், பிறர் செருப்பையும் துண்டையும் தவிர்த்தல். நீரிழிவு உள்ளோர்க்கு இவ்வெடிப்பின் வழியே பாக்டீரியா புகுந்து கால் வீங்கக்கூடுமாதலால், அவர்கள் தாமதியாது மருத்துவரை நாடுதல் அவசியம்.