அடையாளத்தை அளந்தவர்: ரொடோல்ஃபோ டெ லா கார்சாவும் லத்தீனோ அரசியலாய்வும்

அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6 கோடியே 21 லட்சம் பேர் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ எனப் பதிவாகியுள்ளனர். நாட்டு மக்களில் இது 18.7 விழுக்காடு. இத்தனை பேரை ஒரே அரசியல் சமூகமாகக் கொள்ளலாமா? அரசியலறிஞர் ரொடோல்ஃபோ டெ லா கார்சா (1942–2018) தம் ஆய்வு வாழ்வு முழுவதும் இந்தக் கேள்வியை விடவில்லை. அவர் கண்ட விடைகள் சிலவற்றைக் காலம் திருத்தியிருக்கிறது. எனினும் அவர் வகுத்த ஆய்வுமுறை இன்றும் செல்லும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அரிசோனாவின் டூசான் நகரில் பிறந்து, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், டெக்சாஸின் எல் பாசோ, ஆஸ்டின், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். அவர் ஆய்வுலகில் நுழைந்த காலம், மெக்சிகோ வழி அமெரிக்கர்களின் உரிமைப் போராட்டமான சிகானோ இயக்கத்தின் காலம். மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்களை உள்நாட்டுக் குடியேற்ற ஆதிக்கத்துக்கு உட்பட்டவர்களாகப் பார்க்கும் நோக்கு அறிஞரிடையே வலுப்பெற்றிருந்தது. 1977இல் எஃப். கிறிஸ் கார்சியாவுடன் சேர்ந்து எழுதிய 'தி சிகானோ பொலிட்டிகல் எக்ஸ்பீரியன்ஸ்' நூலில் அந்த நோக்கை அவர் தள்ளவுமில்லை, முடிந்த முடிபாக ஏற்கவுமில்லை. பன்மைவாதம், மேட்டுக்குடி ஆட்சிக் கோட்பாடு ஆகியவற்றோடு அதையும் அருகருகே வைத்து, எது எதை விளக்குகிறது என்று பார்த்தார். இயக்கத்தின் மீது பற்றுள்ள ஒருவர் அந்த நாளில் அப்படி எழுதியது துணிச்சலான செயல்.

சான்று எங்கே என்பது அடுத்த சிக்கல். நாடு தழுவிய கருத்துக்கணிப்புகளின் மாதிரிகளில் லத்தீனோக்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆங்கிலத்தில் மட்டும் கேள்வி கேட்டால் அந்தச் சிலரிலும் ஒரு பகுதி விடுபட்டுவிடும். 1987இல் அவர் பதிப்பித்த 'இக்னோர்ட் வாய்சஸ்' இந்தக் குறையைத்தான் பேசியது. குறையைச் சுட்டியதோடு நிற்காமல் அவரும் லூயி டிசிபியோ, ஆஞ்சலோ ஃபால்கன், கிறிஸ் கார்சியா, ஜான் கார்சியா ஆகியோரும் 1989–90இல் லத்தீனோ தேசிய அரசியல் ஆய்வை நடத்தினர். மெக்சிகோ வழியினர் 1,546, போர்ட்டோ ரிக்கோ வழியினர் 589, கியூபா வழியினர் 682 என மொத்தம் 2,817 பேர் நேரில் பேட்டி காணப்பட்டனர். ஆங்கிலமோ ஸ்பானிஷோ, பேசுபவர் விரும்பிய மொழியில் பேசலாம்.

மூன்று பிரிவையும் ஒரே பெயரில் கூட்டிவிடாமல் தனித்தனியே எண்ணியதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. கூட்டிவிடுவது எளிது, அதற்கு அரசே வழிவகுத்திருந்தது. 1976இல் நாடாளுமன்றம் ஸ்பானிய வழியினரைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டுமாறு சட்டமியற்றியது. 1980 கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் பிரிவு பற்றிய கேள்வி எல்லாரிடமும் கேட்கப்பட்டது. ஆனால் 1917 முதல் குடியுரிமை பெற்றுள்ள போர்ட்டோ ரிக்கோவினரும், 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் தனிச்சலுகையோடு குடியமர்ந்த கியூபர்களும், அமெரிக்க–மெக்சிகோ போரை முடித்த 1848 உடன்படிக்கையால் எல்லையே தங்களைக் கடந்துபோகக் கண்ட மெக்சிகோவினரின் வழித்தோன்றல்களும் ஒரே வரலாற்றின் பிள்ளைகள் அல்லர்.

முடிவுகள் 1992இல் 'லத்தீனோ வாய்சஸ்' என்ற நூலாக வந்தன. பெரும்பாலோர் தம்மை மெக்சிகோவினர், கியூபர் என நாட்டுவழிப் பெயராலேயே அடையாளப்படுத்தினர். பொதுப்பெயரை முதன்மையாகக் கொண்டவர்கள் குறைவு. பிரிவுகளுக்கிடையே பழக்கம் அதிகமில்லை. கியூபர்கள் குடியரசுக் கட்சியின் பக்கமும் மற்ற இரு பிரிவினரும் ஜனநாயகக் கட்சியின் பக்கமும் சாய்ந்திருந்தனர். நாட்டுக்குள் குடியேறுவோர் மிகுதி என்று மூன்று பிரிவிலும் பெரும்பான்மையோர் கருதினர். சமூகத்தின் பெயரால் பேசிவந்த தலைவர்கள் பலருக்கு இது உவப்பாக இருந்திருக்க முடியாது. குடியேற்ற எதிர்ப்பாளர்கள் இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் மக்கள் சொன்னதை மக்களுக்காகவே மறைப்பது பிரதிநிதித்துவம் ஆகாது. இதில் நான் டெ லா கார்சாவின் பக்கமே நிற்கிறேன்.

அதே தரவு மறுபக்கத்தாரின் வாயையும் அடைத்தது. ஃபால்கன், கிறிஸ் கார்சியா ஆகியோரோடு அவர் 1996இல் வெளியிட்ட கட்டுரை, தனிமனித முயற்சி, நாட்டுப்பற்று ஆகிய விழுமியங்களில் மெக்சிகோ வழி அமெரிக்கர்கள் ஆங்கிலோ வெள்ளையருக்குக் குறைந்தவர்கள் அல்லர், பல இடங்களில் அவர்களை விஞ்சியவர்கள் என்று காட்டியது. மெக்சிகோவினரின் வருகை அமெரிக்கப் பண்பாட்டைப் பிளக்கும் என்று அரசியலறிஞர் சாமுவேல் ஹன்டிங்டன் எழுதியது 2004இல். அதற்கான மறுப்பு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்தது.

எனினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை எடுக்கும் கணிப்பு அந்த நேரத்து மனநிலையையே பிடிக்கும். 1994 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர், ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளிக்கல்வியும் அரசுச் சேவைகளும் மறுக்கும் 187ஆம் முன்மொழிவை ஆதரித்தனர். நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் அது கிளப்பிய உணர்வு அடங்கவில்லை. அந்தச் சூழலில் கலிஃபோர்னியாவில் குடியுரிமை பெற்ற லத்தீனோக்கள், டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களில் பெற்றவர்களைவிட மிகுதியாக வாக்களித்தனர் என்று பன்டோஹா, ராமிரெஸ், செகுரா என்ற ஆய்வாளர் மூவரும் 2001இல் காட்டினர். 1990இல் நீர்த்திருந்த பொது அடையாளம் அச்சுறுத்தலின்போது திரண்டது. 2006ஆம் ஆண்டின் லத்தீனோ தேசியக் கணிப்பு 8,634 பேரைக் கண்டு, நாட்டுவழி அடையாளமும் லத்தீனோ அடையாளமும் அமெரிக்கர் என்ற உணர்வும் ஒருவரிடமே சேர்ந்து வலுவாக இருக்கக்கூடும் என்றது. முதல் ஆய்வு ஒன்றா மற்றொன்றா என்று கேட்ட இடத்தில், இது எல்லாவற்றையும் தனித்தனியே அளந்தது. ஆனாலும் பிரிவுகளைக் கலக்காமல் எண்ணும் நெறி முன்னோடியிடமிருந்து வந்ததே.

தேர்தல்களைப் பற்றியும் அவர் இதே கண்டிப்போடு எழுதினார். 1988 தொடங்கி அதிபர் தேர்தல்கள் பலவற்றில் லத்தீனோ வாக்கின் பங்கை ஆராயும் தொகுதிகளை டிசிபியோவுடனும் பிறருடனும் கொண்டுவந்தார். லத்தீனோ வாக்கே வெற்றியைத் தீர்மானிக்கும் என்று ஒவ்வொரு முறையும் பேசப்பட்டது. அவரோ குடியுரிமையில்லாதவர் எத்தனை, வாக்குரிமை வயதை எட்டாதவர் எத்தனை, போட்டியே இல்லாத மாநிலங்களில் வாழ்பவர் எத்தனை என்று கணக்குக் கேட்டார். 1975இல் வாக்குரிமைச் சட்டம் மொழிச் சிறுபான்மையினருக்கும் விரிந்தது; ஆனால் குடியுரிமை இல்லாதவரை அது எட்டவில்லை. ஆகவே சட்டப்படி நிரந்தரமாகத் தங்கியிருப்போருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வாக்குரிமை தரலாம் என்று 1993இல் ஒரு கட்டுரையில் அவரும் டிசிபியோவும் முன்மொழிந்தனர். எண்களில் இறுக்கமானவர் தீர்வில் தாராளமாகச் சிந்தித்ததற்கு இது சான்று. அவர்களது அந்தக் கட்டுரையைப் பலர் கவனிக்காமல் போவது வருத்தத்துக்குரியது.

பெயரைக் கொண்டு வாக்கைக் கணிப்பதன் ஆபத்தை அண்மைத் தேர்தல்களும் காட்டின. டெக்சாஸ் எல்லையோரத்தில் உள்ள ஸ்டார் கவுண்டியின் மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் லத்தீனோக்கள், பெரும்பாலும் மெக்சிகோ வழியினர். நூறாண்டுக்கு மேலாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்த அந்தக் கவுண்டி 2024இல் குடியரசுக் கட்சிக்கு மாறியது. அருகிலுள்ள சபாட்டா கவுண்டி 2020இலேயே மாறியிருந்தது. வியந்தவர்கள் பலர். தம்மை மிதவாதிகள் அல்லது பழைமைவாதிகள் என்று சொன்ன மெக்சிகோ வழியினரே மிகுதி என்பதை 1990ஆம் ஆண்டின் அட்டவணைகள் பதிந்திருந்தன. அந்த மனச்சாய்வு மட்டுமே இந்த மாற்றத்துக்குக் காரணமாகிவிடாது. ஆனால் ஒரு குழுவின் வாக்கை அதன் பெயரைக் கொண்டே கணிக்க முற்படும் ஆய்வாளர் எவரும், எழுதத் தொடங்குமுன் 'லத்தீனோ வாய்சஸ்' நூலின் அட்டவணைகளைப் பார்த்துவிட வேண்டும்.