செறாய்ப் பந்தி

அறம் என்பது ஊர் வகுத்த வழக்குத்தானா? ஊருக்கும் அப்பால் நிற்பதொன்றா? கொச்சியில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினாவைத் தெளிவுபடுத்தும் ஒரு நிகழ்ச்சி அண்மையிலேயே உள்ளது.

வைப்பின் தீவின் வடபாலுள்ள செறாயில் 1917ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஒரு பந்தி நடந்தது. 1889இல் ஈழவக் குடும்பத்தில் பிறந்த அய்யப்பன், நண்பர்கள் சூழப் புலையரோடு ஒன்றாக அமர்ந்து உண்டார். நிகழ்ந்தது அவ்வளவே. ஊர் கொதித்தது. ஈழவரின் விஞ்ஞான வர்த்தினி சபை அவரை விலக்கியது. (அறிவை வளர்ப்பது என்பது அப்பெயரின் பொருள்!) ‘புலையன் அய்யப்பன்’ என ஏசினர், அவரோ அதனைப் பட்டமாகவே ஏற்றார்.

சபையினரைத் தீயவர் எனத் தள்ளிவிடல் எளிது, அது நேர்மையன்று. 1912இல் ஸ்ரீ நாராயண குருவின் கையால் கௌரீசுவரர் கோயிலை நிறுவச் செய்தவர்கள் அவர்கள். மேற்குலத்தார் தம்மைத் தீண்டாது ஒதுக்கியது கொடுமை என நன்குணர்ந்தவர்கள். அக்கொடுமையைப் பழிக்க அவர்கள் எதனைத் துணைக்கொண்டனர்? வழக்கையன்று, வழக்கு முழுவதும் மேற்குலத்தார் பக்கமே நின்றது. வழக்கினும் மேலான ஒன்றைச் சுட்டியே நீதி கேட்டனர். அய்யப்பன் செய்ததெல்லாம் அந்த அளவுகோலைத் தமக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தவர்க்கும் நீட்டியதுதான். அறம் அவரவர் மனப்பாங்கே என்போமாயின், சபையின் தீர்ப்பை மட்டுமன்று, சபையினரின் பழைய முறையீட்டையும் நாம் கைவிட வேண்டியிருக்கும்.

உலகத்தோடு ஒட்டி ஒழுகாதாரைக் கல்லாதவர் என்று வள்ளுவர் ‘ஒழுக்கமுடைமை’யில் கூறவில்லையா எனச் சிலர் வினவலாம். ஆயின் ‘பெருமை’ அதிகாரத்தில் பிறப்பு எவ்வுயிர்க்கும் பொது என்றவரும் அவரே. உலகமென்பது உயர்ந்தோரைக் குறிக்கும் என்பது உரைமரபு. அன்று செறாயில் உயர்ந்தோர் யார் என்பதன்றோ வழக்கு!

குரு மாணவர் பக்கமே நின்றார். மதமும் உடையும் மொழியும் எவையாயினும் மனிதர் சாதி ஒன்றே. ஆதலின் கலந்துண்பதிலும் மணப்பதிலும் குற்றமில்லை என 1921இல் செய்தி விடுத்தார். அய்யப்பன் இன்னும் ஓரடி சென்றார். குருவின் ‘ஒரே சாதி, மதம், கடவுள்’ என்னும் கொள்கையை மாற்றி, மூன்றும் வேண்டா என்றார். ஆயினும் தருமம் வேண்டும் என்பதை அவர் விட்டாரில்லை. கடவுளின்றி அறம் நிற்குமோ என்று ஐயுறுவார்க்கு அவர் வாழ்வு எண்ணிப் பார்க்கத்தக்கது.

1917இலேயே அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘சகோதரன்’. 1968இல் மறைந்த அவரைக் கேரள மக்கள் இன்றும் சகோதரன் அய்யப்பன் என்றே வழங்குகின்றனர்.