விற்கத் தெரிந்த புத்தக வியாபாரி

ஏறுகின்ற பங்கை வாங்கிச் சில வாரங்களில் விற்றுவிட்டு வெளியேறும் வியாபாரம் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இலண்டன் மாநகரில் ஒரு சந்தும் அதிலிருந்த கோப்பிக் கடைகளும் அந்த வியாபாரத்தில் மூழ்கியிருந்தன.

1711 இல் தொடங்கப்பட்ட தென்கடல் கம்பனி ஸ்பானிய அமெரிக்காவுடன் வியாபாரம் செய்யும் தனியுரிமை பெற்றது. அவ்வியாபாரத்தின் முதன்மைச் சரக்கு ஆபிரிக்க அடிமைகள். 1720 இல், பிரித்தானிய அரசின் கடன் பத்திரங்களை வைத்திருந்தோருக்கு அவற்றுக்குப் பதிலாகத் தன் பங்குகளைக் கொடுக்கக் கம்பனி முன்வந்தது. பங்கின் விலை உயர்ந்தால் குறைந்த பங்குகளைக் கொடுத்தே கடனை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பங்கைத் தவணைக்கு விற்றது. பங்கையே ஈடாகப் பெற்றுப் பணமும் கடன் கொடுத்தது. ஜனவரியில் ஏறத்தாழ 128 பவுணாக இருந்த விலை கோடையில் 1000 ஐ நெருங்கியது. ஆண்டிறுதியில் 200 க்கும் கீழே கிடந்தது. நிலையான வருமானம் தந்த அரச பத்திரங்களைக் கைவிட்டுப் பங்குக்கு மாறிய குடும்பங்கள் நொந்துபோயின.

இருவர் கதையை இங்கு ஒப்பிட விரும்புகிறேன்.

தோமஸ் கை என்ற புத்தக வியாபாரி, ஏப்ரல் முதல் ஜூன் வரை, விலை 300 இலிருந்து 600 வரை ஏறிக்கொண்டிருக்கையிலேயே தன் பங்குகளைச் சிறுசிறு பகுதிகளாக விற்று முடித்தார். கிடைத்தது ஏறத்தாழ 234,000 பவுண். அவர் விற்ற பின்னரும் விலை ஏறியது. கோப்பிக் கடைகளில் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

நாணயசாலைத் தலைவராக இருந்த ஐசாக் நியூட்டனும் வசந்த காலத்தில் நல்ல இலாபத்துக்கு விற்றார். ஆனால் விலை மேலும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் இயலவில்லை. ஜூன் மாதத்தில், தாம் விற்ற விலையிலும் மிகக் கூடிய விலைக்கு மீண்டும் வாங்கினார். அவர் இழந்தது 20,000 பவுண் என்பது அவருடைய மருமகள் வழியாக வந்த செய்தி.

கோள்களின் கணக்கு அறிந்தவருக்கு இந்தக் கணக்குப் பிழைத்தது என்று எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். நான் அவ்வாறு கருதவில்லை. விற்பதற்கான அவருடைய முதல் முடிவு சரியானதே. பிறர் சம்பாதிப்பதைக் கண்டு அந்த முடிவைக் கைவிட்டதே வினையாயிற்று.

ஏறும் பங்கு சில காலம் ஏறிக்கொண்டேயிருக்கும் என்பது வெறும் மூடநம்பிக்கையன்று. முந்திய சில மாதங்களில் நன்கு ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களிலும் ஏனையவற்றை விஞ்சுகின்றன என்பதை 1993 இல் ஜெகதீஷ், டிட்மன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கச் சந்தையின் தரவுகளைக் கொண்டு காட்டினர். அந்த ஓட்டம் எந்த நாளில் நிற்கும் என்பதை எவரும் காட்டவில்லை. பத்திரிகைக்காரராகிய நாங்களும் உச்சம் எதுவென்பதை, விலை விழுந்த பிறகுதான் எழுதிவந்திருக்கிறோம்.

ஆகவே உச்சத்தில் விற்பது எவருக்கும் உரிய இலக்கன்று. போதும் என்ற அளவை முன்னரே வகுத்து, பகுதி பகுதியாக விற்று, விற்றபின் ஏறும் விலையைப் பொறுத்துக்கொள்வதே இயலக்கூடியது. கை அதைச் செய்தார். அவருடைய செல்வத்தில் எழுந்த வைத்தியசாலை 1725 இல் திறக்கப்பட்டது. இலண்டனில் அது இன்றும் அவர் பெயரிலேயே நோயாளரை ஏற்கிறது.