பனிக்கட்டியில் எழுதிய சித்திரம்

ஓவியன் திரைச்சீலையில் எழுதுகிறான். சிற்பி கல்லில் செதுக்குகிறான். காலில் பூட்டிய எஃகுத் தகட்டினால் பனிக்கட்டியின்மேல் சித்திரம் எழுதிப் புகழ்பெற்ற ஒரு ருஷ்யரைப் பற்றி, நேயர்களே, இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

அவர் நிக்கொலாய் பானின். அது புனைபெயர், இயற்பெயர் கொலொமென்கின். 1872-ஆம் ஆண்டு பிறந்த அவர் நிதி இலாகா உத்தியோகஸ்தர். அரசாங்க ஊழியர் பந்தயத்தில் இறங்குவது கௌரவக் குறைவென்று எண்ணிய காலமாதலால், ஆடுகளத்திற்கென்று வேறு பெயர் வேண்டியிருந்தது.

1903-இல் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த உலகப் போட்டியில் பானினுக்கு இரண்டாமிடமே கிடைத்தது. முதலிடம் பெற்றவர் ஸ்வீடன் நாட்டு உல்ரிக் சால்கோ. உலகப் பட்டத்தைப் பத்து முறை வென்ற மாவீரர். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். குளிர்கால ஒலிம்பிக் தோன்றாத காலம் அது; சறுக்காட்டம் அக்டோபர் மாதம் செயற்கைப் பனித்தளத்தில் நடந்தது. முதற்பகுதியில் நடுவர்கள் சால்கோவுக்கே முதலிடம் தந்தனர். பானின் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். நோய் என்பர் சிலர். தீர்ப்பில் மனக்குறை என்பர் பலர்.

எஞ்சியிருந்தது விசேஷ உருவங்களுக்கான போட்டி. ஆட்டக்காரர் தாம் வரையப்போகும் கோலத்தைத் தாளில் எழுதி முன்கூட்டியே நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். பின்னர் அதனைப் பிசகின்றிப் பனியில் வரைந்து காட்ட வேண்டும். பானினுடைய கோலங்கள் மிகவும் சிக்கலானவை. அவற்றை அவர் அநாயாசமாக வரைந்து முடித்தார். கம்மிங், ஹால்சே என்னும் இரு ஆங்கிலேயர் அடுத்த இடங்களைப் பெற்றனர். ருஷ்யாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் இதுவே.

போட்டியிட்டோர் மூவர்தாமே என்று சிலர் குறை கூறலாம். நான் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஆட்டத்தின் அழகை மதிப்பிடும் கண்ணுக்குச் சொந்த நாட்டுப் பாசம் குறுக்கே வரலாம். பனியில் பதிந்த கோட்டிற்கோ நாடு இல்லை. ஐயமுற்றவர் தாளையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தீர்ப்பைக் குறித்து மனம் கசந்த ஒருவருக்கு இதைவிடத் தகுந்த களம் வேறெது?

அவ்விசேஷப் போட்டி ஒலிம்பிக்கில் மறுபடி நடக்கவேயில்லை. பானின் 1910-இல் சறுக்கற் கலையைப் பற்றி நூல் எழுதினார். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கி சுடுதலிலும் கலந்துகொண்டார். பின்னர் இளைஞர் பலருக்கு இக்கலையைப் பயிற்றுவித்து, 1956-இல் மறைந்தார். கட்டாய உருவங்களும் 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளிலிருந்து நீங்கின. பனியில் கோடு வரைந்து வெல்லும் அக்கலைக்கு இன்று ஒலிம்பிக்கில் இடமில்லை; அதில் வென்ற பானினின் பெயர் மட்டும் ஒலிம்பிக் பதிவேட்டில் நிற்கிறது.