ஆண்டு இல்லாத பதிவேடு

கணினிப் பதிவேடுகளை வரலாற்று ஆவணங்களாகப் படிப்போர் அவற்றின் நிறுத்தற்குறிகளிலிருந்தே தொடங்கலாம்.

1980களில் பெர்க்லியில் சென்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் மென்பொருளுக்காக எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக், பின்னர் யூனிக்ஸ் உலகின் பொது வழக்காயிற்று. நேரம், கணினியின் பெயர், நிரலின் பெயர், முக்காற்புள்ளி, செய்தி என்பது அதன் வழக்கமான வரிசை. யூனிக்ஸ் பிழைச்செய்திகளும் இவ்வாறே நிரலின் பெயரையும் முக்காற்புள்ளியையும் முன்னிறுத்துவன. ஆகவே தொடர்ந்து வருவது புதிய வாக்கியத்தின் தொடக்கமன்று. இக்காரணம் காட்டியே, அத்தகைய செய்தியைப் பெரிய எழுத்தில் தொடங்கலாகாது என்கின்றன குனு நெறிமுறைகள். இறுதியில் முற்றுப்புள்ளியும் கூடாது. லினக்ஸ் கருநிரலின் நடைவிதிகளும் முற்றுப்புள்ளியைக் கட்டாயமாக்கவில்லை.

இச்சிக்கனம் நேரக்குறிப்பில் இழப்பாக முடிந்தது. சிஸ்லாக் வழக்கை 2001இல் ஆவணப்படுத்திய ஆர்.எஃப்.சி. 3164இன்படி, ஒரு வரி ‘மார்ச் 17, 02:14:05’ என்ற அளவிலேயே காலம் சொல்லும். எந்த ஆண்டின் மார்ச்? எந்த நாட்டின் இரண்டு மணி? அன்றிரவே பழுதுபார்ப்பவருக்கு இவ்வினாக்கள் எழுவதில்லை. 2009இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5424 ஆண்டுக்கும் நேர மண்டலத்துக்கும் இடமளித்தது. பழைய வடிவில் எஞ்சியவற்றுக்கோ, கோப்பின் பெயர் போன்ற புறச்சான்றுகளைக் கொண்டே ஆண்டைத் துணிய வேண்டியுள்ளது.

உடனடி வாசகருக்கு மிகையெனத் தோன்றி விடுபட்டதே, பிற்கால ஆய்வாளருக்கு முதற்சான்றாக வேண்டியிருக்கிறது.